இருபத்து நான்காவது பெயர்

சேரப்பணஞ்சேரி
11-6-91

அன்புள்ள கிச்சா,

சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்குப் போய்விட்டாய். உன் அப்பா முகவரியைத் தரவே யோசித்தார். கோயில் வாசலில் என்னை நிற்க வைத்துவிட்டு உள்ளே போனவர், அரை மணி நேரம் கழித்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். கை நடுங்கியது. "இனிமே ஆத்துக்கு வராதேப்பா, தப்பா நினைச்சுக்காதே" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போய் உட்கார்ந்த வீடு அது. தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

நீ இருபத்து மூன்றாம் தேதியே ரயில் ஏறிவிட்டாயாம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த நான்காம் நாள், மே 25, காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. தலைவரை வரவேற்று அடித்த நோட்டீஸை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். கீழே இரண்டு வரிசையாக வரவேற்பவர்கள் பெயர், மொத்தம் இருபத்து நான்கு. கடைசிப் பெயர் ப. சிவசங்கர், சேரப்பணஞ்சேரி.

நோட்டீஸில் பேர் வருவதற்கு நம் ஊரில் மண்டை உடையும். யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று அண்ணன் தம்பியே பேசாமல் போயிருக்கிறார்கள். எனக்குக் கேட்காமலே அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது. நான் எந்தக் கட்சிக்காரன், நீயே சொல். கட்சி வேறு, தேசம் வேறு என்று உன்னிடம் கத்திக் கத்தித் தொண்டை வற்றியவன் நான். கூட்டத்தன்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் செய்தி கேட்டு, செத்துப்போன போலீஸ்காரர்களையும், மாலையோடு நின்ற ஜனங்களையும் நினைத்து அழுதேன். அதைச் சொன்னால் ஏட்டு சிரிக்கிறார்.

இப்போது தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பெரும்புதூருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில்தான் என் உலகம். ஆகஸ்ட் 12 அன்று நான் பெல்காமில் விமானப்படைப் பயிற்சியில் சேர வேண்டும். அதற்குப் போலீஸ் நடத்தைச் சான்று வேண்டும். அந்தப் படிவம் நான் கையெழுத்துப் போடும் ரெஜிஸ்டருக்கு அடியிலேயே கிடக்கிறது. தினமும் அதன் ஓரம் கண்ணில் படுகிறது. செப்டம்பரில் எனக்கு வயது தாண்டிவிடும். இதைவிட்டால் இல்லை.

தணிகாசலம் பிரஸ்ஸில் அந்த நோட்டீஸை எழுத்துக் கோத்தவன் நீதான். பட்டியலை யார் கொடுத்தது, என் பெயரை யார் எழுதியிருந்தார்கள், ஞாபகப்படுத்திச் சொல். உன்னையும் இதில் இழுத்துவிடுவார்களோ என்று பயந்து உன் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை. பதிலை எனக்கு எழுதாதே, அக்கா ஜோதி பெயருக்கு எழுது.

உன்
சிவா


மாதுங்கா, பம்பாய்
20-6-91

அன்புள்ள சிவா,

உன் கடிதத்தை அத்திம்பேர் முதலில் படித்தார், பிறகு ஹேமா அக்கா படித்தாள், அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள். இங்கே எனக்கு ஹாலில் ஒரு மூலை. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. துணி காய்வதில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் பார்சல் மேல் முகவரி எழுதும் வேலை. எழுத்துதான் என் தலையெழுத்து போல.

பட்டியலைக் கட்சிக்காரர் கோதண்டம் கொண்டுவந்தார் என்று ஞாபகம். பென்சிலில் எழுதி, டீ கொட்டி, பாதி அழிந்து கிடந்தது. அவரைக் கேட்டுப் பார். கம்போஸ் செய்கிறவன் எதையும் படிப்பதில்லை சிவா. ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவதோடு சரி. யார் பேர், எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டிருந்தால் நாலு நோட்டீஸ்கூட முடியாது.

நீ மனசைத் தளரவிடாதே. உண்மை ஒருநாள் வெளியே வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் நீ நம்புகிற ஆள். என்.சி.சி. உடுப்பை இஸ்திரி போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன். அப்போதே சொன்னேன், உனக்குத்தான் உன் தேசத்தைத் தெரியும், அதற்கு உன்னைத் தெரியாது, இது ஒருதலைக் காதல் என்று. அடிக்க வந்தாய். இப்போது அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் வீட்டுப் பக்கம் போலீஸ் வந்ததா? அப்பாவை ஏதாவது கேட்டார்களா? தணிகாசலம் அண்ணன் என்ன சொல்லியிருக்கிறார்? இதை மட்டும் உடனே எழுது. முன்பே இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன், இது மூன்றாவது.

கிச்சா


சேரப்பணஞ்சேரி
3-7-91

கிருஷ்ணாவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். உன் வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை. தணிகாசலம் பிரஸ்ஸுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். "நான்தான் சார் கோத்தேன். ஆளுங்க யாரும் வேலைக்கு வரல" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் அவரும் என்னோடு பெஞ்சில் உட்காருகிறார். அந்த மனிதர் யாரைக் காப்பாற்றுகிறார் என்று ஏட்டுக்குப் புரியவில்லை. எனக்கு மெதுவாகப் புரிகிறது.

கோதண்டத்தைப் பார்த்தேன். "உன் பேரு நான் இன்னாத்துக்குப்பா குடுக்கப் போறேன்? நீதான் கட்சின்னாலே காத தூரம் ஓடுற ஆளாச்சே" என்றார். நேற்று இன்ஸ்பெக்டர் அவருடைய பென்சில் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார். பிரஸ்ஸில் கம்பியில் குத்தி வைத்திருந்த அதே தாள், நடுவில் ஓட்டையோடு. எண்ணச் சொன்னார். எண்ணினேன். இருபத்து மூன்று. என் பெயர் அதில் இல்லை.

ஒரு நிமிடம் விடுதலையே வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. "இன்னாபா, உன் பேரு மட்டும் தானா வந்து குந்திக்கிச்சா? கடைசி நேரத்துல ஒரு பேர் சேர்ந்துக்குதுன்னா அதுல இன்னாமோ கீது" என்றார். பட்டியலில் இருந்த இருபத்து மூன்று பேரையும் போன வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் கட்சிக்காரர்கள், அவர்களுக்குச் சொல்ல ஆள் உண்டு. பட்டியலில் இல்லாத நான்தான் மிச்சம்.

ஜூன் பதினைந்தாம் தேதி ஓட்டுப் போடப் போனேன். என் முதல் ஓட்டு. பதினெட்டு வயதிலிருந்து காத்திருந்தது உனக்குத் தெரியும். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார்கள், பின்னாலும் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார்கள். உள்ளே போய்ச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். எதன் மேலும் முத்திரை குத்தக் கை வரவில்லை. அப்படியே மடித்துப் போட்டுவிட்டேன். விரலில் வைத்த மை மட்டும் இன்னும் போகவில்லை. மறுநாள் அந்த விரலோடுதான் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா ஒருநாள் என்னோடு வந்தாள். "எம் புள்ள கொடிக்கு சல்யூட் வெச்சி வளந்தவன் சார்" என்று அழுதாள். "எல்லாரும்தாம்மா வெச்சாங்க" என்றார் ஏட்டு. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருதலைக் காதல் என்று எழுதினாய். இப்போது தேசத்துக்கு என்னைத் தெரியும் கிருஷ்ணா. தினமும் பத்து மணிக்கு என்னைத் தேடுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கம்போஸ் செய்கிறவன் படிப்பதில்லை என்றாய். சரி. ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயரை, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கும்போதுகூடவா உனக்குத் தெரியவில்லை?

சிவசங்கர்


பம்பாய்
14-7-91

சிவா,

நான்தான் போட்டேன்.

இதை எழுதுவதற்குள் மூன்று இரயில் போய்விட்டது. ஜன்னலுக்கு எதிரே தண்டவாளம். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், அதனால்தான் சொல்ல முடியவில்லை.

பெயர்களை இரண்டு வரிசையாக அடுக்கினேன். இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பதினொன்று. கீழே ஒரு இடம் காலி. தணிகாசலம் அண்ணன் புரூஃப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பல்லு வுழுந்த வாயி மாதிரி கீது. ஒரு பூ போட்டு ரொப்புடா" என்றார். அப்படி இடம் காலியாக இருந்தால் சின்னப் பூ அச்சு ஒன்றைச் செருகுவது வழக்கம். வைகாசி முகூர்த்தம் பார். பிரஸ்ஸில் இருந்த பூ எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாட்டிக்கொண்டு மிஷின் மேல் கிடந்தது. பத்திரிகை ஓடி முடிய இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். நோட்டீஸை வாங்கிப்போகக் கோதண்டத்தின் ஆள் வாசலில் சைக்கிளோடு நிற்கிறான்.

பூ இல்லையென்றால் யாராவது ஒருவர் பெயரைப் போடுவோம். எத்தனையோ நோட்டீஸில் போட்டிருக்கிறோம். யாரும் எண்ணுவதில்லை. பெயர் வந்தவர்கள் நேரில் வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று காலையில்தான் நீ பஸ் ஸ்டாண்டில் என்னிடம், கட்சிக்கூட்டம் பார்க்கப் போகிறவனெல்லாம் ஆட்டு மந்தை என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போயிருந்தாய். கை தானாக உன் பெயரைப் பொறுக்கியது. நோட்டீஸை உன் மூக்குக்கு முன்னால் நீட்டி, நீ குதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிரதியைப் பையில் வைத்திருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, பெட்டியைக் கட்டு என்றார். "நாலு தலைமுறையா கைங்கரியம் பண்ணிண்டிருக்கோம்டா" என்று மட்டும் சொன்னார். நான் கட்டினேன். உன் நினைப்பு வந்தது. அது வராததுபோல வேட்டியை மடித்தேன்.

இங்கே பத்திரிகையில் போட்டிருக்கிறான், தேசத்தின் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அடகுக்கு அனுப்பினார்களாம். அதுவும் இதே பம்பாயிலிருந்து. தேசமே தன் சங்கடத்துக்கு வழி தேடிக்கொண்டு ஓடுகிறது, நானும் ஓடினேன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இந்தக் கடிதத்தை நீ ஸ்டேஷனில் கொடுக்கலாம். கொடுத்தால் என்னை அழைத்துப் போக வருவார்கள் என்று தெரியும். கொடுக்காதே என்று கெஞ்ச எனக்கு வாயில்லை. கொடு என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. நீயே பார்த்துக்கொள்.

கிருஷ்ணா


சேரப்பணஞ்சேரி
24-7-91

கிருஷ்ணாவுக்கு,

படித்தேன். சிரிப்பு வரும் என்றாய், வந்தது. நாட்டுக்கு விரோதி என்று எழுதியிருந்தால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். ஒரு பூவுக்குப் பதிலாக நான்.

கடிதம் கிடைத்த நாளிலிருந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். இன்று ஐந்தாம் நாள். பஸ்ஸில் ஏறும்போது கொடுத்துவிடுவது என்று முடிவு. ஒரகடம் தாண்டும்போதும் அதே முடிவு. ஸ்டேஷன் படியில் கால் வைத்ததும் உன் அப்பாவின் கை நடுங்கியது ஞாபகம் வருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன்.

உன்மேல் இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னைப் பார்த்தால் அடிப்பேன். ஆனால் நான் யூனிபாரம் போட ஆசைப்பட்டது யாரையோ காப்பாற்றுவதற்கு. அதைப் போடுவதற்கே முதலில் ஒருவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் நான் உள்ளே, கொடுத்தால் நீ உள்ளே. இரண்டில் எதைச் செய்தாலும் நான் நினைத்த சிவசங்கர் மிஞ்ச மாட்டான். இதை யாரிடம் சொல்வது? தேசபக்தி என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்தார்களே, இதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து தினமும் யோசிக்கிறேன். குண்டு வைத்தவர்களைப் பிடிக்க வேண்டாமா? வேண்டும். அதற்காக எல்லோரையும் விசாரிக்க வேண்டாமா? வேண்டும். நான் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தாலும் இருபத்து நான்காவது பெயரைத்தான் பிடித்திருப்பேன். அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை பார். இதில் கெட்டவன் என்று யாராவது ஒருவன் இருந்தால் எனக்குத் தூக்கமாவது வரும்.

அப்பா என்னைத் தேற்றுகிறாராம். "வுடுடா. ஒரகடம் மேட்டுல எவனோ கம்பெனிக்காரன் எடம் பாத்துகினு போறானாம். நாளைக்கி வாட்ச்மேன் வேலையாவது குடுப்பான்" என்கிறார். அவருக்கு ஏரித் தண்ணீர் வந்தால் போதும், வேறு தேசம் தேவையில்லை. எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் ஐந்துக்குள் நீ வந்தால் நேரம் இருக்கிறது. உன் காலால் நடந்து வந்து, உன் வாயால் சொல். நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அதனால் நீ வரத்தான் வேண்டும்.

சிவசங்கர்


சேரப்பணஞ்சேரி
16-8-91

கிருஷ்ணாவுக்கு,

ஐந்தாம் தேதி வரை மெட்ராஸிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். பத்தாம் தேதி வரையும் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பெல்காமில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே ஏட்டும் கூப்பிட்டார். ஆஜர் என்றேன்.

நேற்று சுதந்திர தினம். அன்றைக்காவது விடுவார்கள் என்று அம்மா சொன்னாள். விடவில்லை. ஸ்டேஷன் வாசலில் கொடிக்கம்பம் நட்டிருந்தார்கள். போன வருஷம் முடிச்சு இறுகி, இன்ஸ்பெக்டர் இழுக்க இழுக்கக் கொடி விரியவே இல்லையாம். இந்த வருஷம் இரண்டு போலீஸ்காரர்கள் கயிற்றை வைத்துக்கொண்டு முழித்தார்கள். ஏட்டு என்னைப் பார்த்தார். "டேய், நீ என்.சி.சி.தானே? உனக்குக் கட்டத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன். கோவிந்தம்மா கடையிலிருந்து உதிரிப் பூ வாங்கி வந்து தந்தார்கள். கொடியை விரித்துப் பூவை நடுவில் வைத்து மடித்தேன். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட்டேன். நான்கு வருஷம் பழகிய கை, நடுங்கவில்லை. இன்ஸ்பெக்டர் இழுத்தார். அழகாக விரிந்தது. பூ எல்லோர் தலைமேலும் விழுந்தது, என் தலைமேலும் விழுந்தது.

என் கை தானாக நெற்றிக்குப் போனது. நான் நினைத்துச் செய்யவில்லை. இனிமேல் செய்வதில்லை என்று மூன்று மாதமாகச் சபதம் எடுத்தவன் நான். வெறுக்கவாவது விட்டிருந்தால் நிம்மதியாக இருப்பேன். அதையும் இந்தக் கை விடவில்லை. கொடி ஏற்றி முடித்ததும் மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு ரெஜிஸ்டரை நீட்டினார்கள்.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதைக் கொடுக்க வேண்டியவன் நான் இல்லை. இனி எழுத வேண்டாம்.

சிவசங்கர்


பெரும்புதூர்
27-8-91

சிவா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நேரில் வந்து சொல்ல வேண்டியது. பெரும்புதூரைவிட்டு எங்கும் போகக்கூடாது என்று எனக்கு உத்தரவு. தணிகாசலம் அண்ணனுக்குப் பிரஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் இதைச் சைக்கிளில் கொண்டுவந்து தருவார்.

தாதர் ஸ்டேஷனுக்குப் பெட்டியோடு இரண்டு முறை போனேன் சிவா. இரண்டு முறையும் வண்டி கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பயந்தாங்கொள்ளி என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிக்கொள்கிறேன். பத்தொன்பதாம் தேதி உன் உறை வந்தது. உள்ளே என் கடிதம். நான் நான்காக மடித்து அனுப்பியது எட்டாக மடிந்திருந்தது. மடிப்பெல்லாம் நைந்து, வியர்வையில் மை ஊறி, பூ என்று எழுதியிருந்த இடமே தெரியவில்லை. ஒரு மாதம் உன் சட்டைப்பையில் ஸ்டேஷனுக்குப் போய் வந்திருக்கிறது. அன்றே கிளம்பினேன். அத்திம்பேரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டேஷனுக்குத்தான் போனேன். இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். "பூ இல்லேன்னு ஒரு ஆள போட்டியா?" என்றார். பிறகு சிரிக்கவில்லை. மூன்று நாள் பின் அறையில் உட்கார வைத்துக் கேட்டார்கள், நீ கையெழுத்துப் போட வரும் நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையைத் தேடிப்பிடித்து வந்து, அதில் இருந்த பூக்களைக்கூட எண்ணினார்கள். அப்பா ஸ்டேஷனுக்குப் பின்னால் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கோயிலில் அவர் கைங்கரியத்தை விசாரணை முடியும்வரை வேறொருவர் பார்க்கிறார். உனக்கு முகவரி கொடுத்த அன்று வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் தந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

உன் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ரெஜிஸ்டருக்கு அடியிலிருந்து என் கண் முன்னால்தான் உருவி எடுத்தார்கள். "நடத்தை நன்று" என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. தேதியைப் பார்க்காதே. 26-8-91 என்று போட்டிருக்கிறார்கள். பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் நான் தின்றது. மன்னிப்புக் கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

ஏட்டு ரெஜிஸ்டரில் உன் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டு, அதற்குக் கீழே என் பெயரை எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல்.

நாளைக் காலை பத்து மணிக்கு நீ வர வேண்டாம். நான் போகிறேன்.

கிச்சா